தடுமாறிய நாவும் தவறிய பதிலும்

கரிவலம்வந்தநல்லூரில் இருந்து ஆண்ட வரதுங்கராம பாண்டியரின் மனைவியைப் பற்றிச் செவிவழிக் கதை ஒன்று உண்டு. உறவினரான அதிவீரராம பாண்டியர் நைடதம் என்ற நூலைப் பாடி முடித்து அங்கே அனுப்பிவைத்தாராம். படித்துப் பார்த்த அம்மையார், இது வேட்டைநாயின் ஓட்டம், தொடக்கத்தில் பாய்ச்சலும் முடிவில் இளைப்புமாக இருக்கிறது என்றாராம். பாடியவருக்குக் கோபம் வந்ததாம். கதை எப்படியும் போகட்டும். ஒரு தீர்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது அதற்குள் இருக்கிறது. அம்மையார் நூலை முழுக்கப் படித்தார். எங்கே தளர்கிறது என்று சொன்னார். பாடியவர் உறவினர், அதிலும் அரசர் என்பதற்காக நாவை வளைக்கவில்லை.

வேட்பாளர்களின் விவாதத்தைக் கேட்டுவிட்டு 'யார் ஜெயித்தார்' என்று சொல்லும்போது இந்த மூன்றில் எத்தனையைக் கடைப்பிடிக்கிறோம்?

அமெரிக்காவில் கட்சிக்குள்ளேயே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வாக்குப்பதிவு உண்டு. அதற்கு முன் போட்டியாளர்கள் ஒரே மேடையில் நின்று விவாதிப்பார்கள். 2011 நவம்பர் 9 அன்று மிச்சிகனில் நடந்த அத்தகைய விவாதத்தில், ரிக் பெரி தாம் அதிபரானால் மூன்று துறைகளை மூடப்போவதாகச் சொன்னார். இரண்டின் பெயர் வந்தது. மூன்றாவது வரவேயில்லை. ஏறக்குறைய ஒரு நிமிடம் தவித்தார். டெக்சாஸ் மாநிலத்தைப் பத்தாண்டுக்கு மேல் ஆண்டவரை நாடே அந்த ஒரு நிமிடத்தால் அளந்தது. 2012 ஜனவரியில் போட்டியிலிருந்து விலகினார்.

மறந்துபோன அந்தத் துறை எரிசக்தித் துறை. 2017இல் அதற்கே அவர் அமைச்சரானார். பதவியேற்கும் முன் நாடாளுமன்றக் குழுவின் முன்னால், துறையின் பணிகளைக் கேட்டறிந்த பின் அதை மூடச் சொன்னதற்காக வருந்துவதாகச் சொன்னார். அப்படியானால் 2011இல் குற்றம் எங்கே இருந்தது? பெயர் மறப்பது எவருக்கும் நேரும். அணுஆயுதங்களைப் பேணும் ஒரு துறையை, அது என்ன செய்கிறது என்று சரியாக அறியாமலே மூடுவேன் என்றதுதான் பெரிய பிழை. சிரிப்பு முதலாவதற்குக் கிடைத்தது. இரண்டாவதை அழுத்திக் கேட்டிருக்க வேண்டும்.

நெருக்கடியில் நிதானமாகப் பேசுவதும் தலைமைக்கு வேண்டிய குணம்தானே என்று கேட்கலாம். கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் மேடைப் பேச்சாலேயே கட்சிகள் வளர்ந்த தமிழ்நாட்டில், நாவன்மையைக் குறைத்து மதிக்கும் ஆபத்து நமக்கு இல்லை. கூட்டி மதிக்கும் ஆபத்துதான் உண்டு. குடிநீர் பற்றிய கேள்விக்கு ஒருவர் அடுக்குமொழியில் முழங்குகிறார். இன்னொருவர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துத் திக்கித் திக்கி, எந்தக் குழாய், எவ்வளவு செலவு, எப்போது முடியும் என்று வாசிக்கிறார். கைதட்டல் யாருக்கு விழும் என்று தெரியும். அந்தத் திக்கலைத் தோல்வி என்று எழுதுவது அவருக்குச் செய்யும் அநீதி, கேட்டவர்களுக்கும் செய்யும் அநீதி.

இதனால் விவாதமே வேண்டாம் என்று ஆகிவிடாது. 2022 அக்டோபர் 17 அன்று காங்கிரஸ் தலைவர் பதவிக்கு 22 ஆண்டுகளுக்குப் பின் போட்டி நடந்தது. பொது விவாதத்துக்குத் தயார் என்றார் சசி தரூர். மல்லிகார்ஜுன கார்கே அதை விரும்பவில்லை. கார்கே 7,897 வாக்குகளும் தரூர் 1,072 வாக்குகளும் பெற்றார்கள். வாக்களித்தவர்கள் கட்சிப் பிரதிநிதிகள். கார்கேயின் நெடுங்கால உழைப்பை அறிந்தவர்கள். எனினும் இருவரையும் ஒரே கேள்வியின் முன் நிறுத்திப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நல்ல பேச்சாளருக்கே விவாதம் சாதகம் என்பது உண்மை. அதற்கு மருந்து கேட்பவரின் காதில் இருக்க வேண்டும். மேடையை மூடுவதில் இல்லை.

நம்மூரில் நிலை இன்னும் மூடுண்டது. சீட் கேட்பவர் விருப்ப மனு கொடுப்பார், சென்னையில் தலைமையின் முன் நேர்காணலுக்குப் போவார். கதவுக்குள் என்ன கேட்டார்கள், என்ன சொன்னார் என்பது கரிவலத்து வாக்காளர் காதுக்கு வராது. வாக்காளர் அவரை முதலில் பார்ப்பது திறந்த வாகனத்தில், கும்பிட்ட கையோடு. அப்போது கேள்வி கேட்க நேரமும் இருப்பதில்லை.

விவாதம் கிடைத்த இடத்திலும் தீர்ப்புச் சொல்பவரிடம் ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. நம்மவர் தடுமாறினால் 'பாவம், களைப்பு' என்கிறோம். மற்றவர் தடுமாறினால் 'விஷயமே தெரியவில்லை' என்கிறோம். பெயர்களை மாற்றிப்போட்டு அதே பதிலை இன்னொரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும். கரிவலத்து அரசியின் கையில் இருந்தது தம் குடும்பத்துப் பிள்ளை பாடிய ஏடு.