வாசல் ஒன்று, வரிசை இரண்டு

1925ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வாக்ஸஹாச்சி என்றொரு ஊர். பருத்தி விளையும் பூமி. அங்கே ஒரு விமான சாகசக் காட்சிக்கு ஏற்பாடாகிறது. பறக்கப் போகிறவர் பெஸ்ஸி கோல்மன். கறுப்பினப் பெண். அதே ஊரில் பருத்தி பொறுக்கி வளர்ந்தவர். காட்சியை நடத்துகிறவர்கள் வழக்கப்படி இரண்டு வாசல் வைக்கிறார்கள். வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று. எல்லாருக்கும் ஒரே வாசல் வைக்காவிட்டால் பறக்க மாட்டேன் என்று பெஸ்ஸி சொல்லிவிடுகிறார். கடைசியில் வாசலுக்கு மட்டும் ஒத்துக்கொள்கிறார்கள். உள்ளே போய் உட்காரும் இடம் தனித்தனிதான். அதை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பெஸ்ஸி பறந்தார்.

பறந்தது சரியா? இதுதான் கேள்வி.

ஒரு கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது இதைச் சொன்னேன். ஒரு தோழர் பட்டென்று கேட்டார்: "பாதி மரியாதைக்கு முழு வித்தையையும் காட்டிட்டு வந்திருக்குது அந்தம்மா. இதுக்குப் பேரு சமரசம் இல்லாம வேற என்ன?" எனக்கு அப்போது பதில் வரவில்லை. அவர் சொன்னது தப்பு என்றும் தோன்றவில்லை. பிறகு யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெஸ்ஸி 1892இல் பிறந்தவர். 13 பிள்ளைகளில் பத்தாவது. அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா வீட்டு வேலை செய்தும் துணி வெளுத்தும் பிள்ளைகளை வளர்த்தார். பெஸ்ஸியும் துணி வெளுத்தார். பிறகு சிகாகோ போய் முடிதிருத்தும் கடையில் வாடிக்கையாளர்களின் கைநகம் திருத்தும் வேலை பார்த்தார். முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பிய அண்ணன், பிரான்சில் பெண்கள் விமானமே ஓட்டுகிறார்கள், உன்னால் முடியுமா என்று கேலி செய்கிறார். அந்தக் கேலிதான் தொடக்கம். அமெரிக்காவில் எந்தப் பயிற்சிப் பள்ளியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கறுப்பர், அதிலும் பெண். சிகாகோ டிஃபெண்டர் என்ற கறுப்பர் பத்திரிகையின் ஆசிரியர் ராபர்ட் அபாட், பிரான்சுக்குப் போய்ப் படி என்றார். பெஸ்ஸி பிரெஞ்சு மொழி கற்றார். 1920 நவம்பரில் கப்பல் ஏறினார். 1921 ஜூன் 15இல் சர்வதேச விமானி உரிமம் பெற்றார். அந்த உரிமம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். அமெரிக்க ராணுவமோ 1941வரை ஒரு கறுப்பரையும் விமானிப் பயிற்சிக்கு எடுக்கவில்லை.

உரிமம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. அப்போது பயணிகள் விமானம் பரவலாக இல்லை. விமானியாகப் பிழைக்க வேண்டுமானால் வித்தை காட்ட வேண்டும். போர் முடிந்ததும் ராணுவம் ஜென்னி எனப்படும் பயிற்சி விமானங்களை மலிவு விலைக்கு விற்றது. மரச்சட்டம், மேலே துணி, இழுத்துக் கட்டிய கம்பிகள், 90 குதிரைத்திறன் எஞ்சின். மணிக்கு 120 கிலோமீட்டர் போனால் பெரிது. ஓட்டுகிறவர் தலைக்கு மேல் கூரை கிடையாது. இதை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வயல்வெளியில் இறக்கிக் காட்சி நடத்தினார்கள். மேலே ஏறித் தலைகீழாகக் கரணம் போடுவது, எட்டுப் போடுவது, எஞ்சின் நின்றதுபோல விழவிட்டுத் தரைக்குப் பக்கத்தில் நிமிர்த்துவது. பெஸ்ஸி 1922இல் மறுபடியும் ஐரோப்பா போய் இந்த வித்தைகளைக் கற்று வந்தார். 1923இல் கலிபோர்னியாவில் எஞ்சின் நின்று விழுந்து கால் ஒடிந்தது, விலா எலும்புகள் முறிந்தன. எழுந்து மறுபடியும் பறந்தார்.

ஜனங்கள் இதில் எதைப் பார்க்கக் கூடுகிறார்கள்? விழுந்துவிடுவாரோ என்ற பயம்தான் அங்கே சுவை. விழாமல் திரும்பியதும் கைதட்டல். பார்க்கிறவனுக்கு அது ஒரு மாலைப்பொழுது. பறக்கிறவருக்கு உயிர்.

இதைப் படித்தபோது எங்க பெரியப்பா ஞாபகம் வந்தது. பெரியப்பா பறை அடிப்பார். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் வரும். தெரு முனையில் நின்றபடியே, "டேய், மேளத்த எடுத்துக்கிட்டு வாடா" என்பான். வந்தவனுக்கு என் வயசுதான் இருக்கும். பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போவார். ஆட்டம் சூடு பிடிக்கும்போது ஊர்க்காரர் ஒருவர் ரூபாய் நோட்டைத் தரையில் வைப்பார். அடி நிற்கக் கூடாது. அப்படியே பின்னால் வளைந்து அந்த நோட்டை வாயால் எடுக்க வேண்டும். பெரியப்பா எடுப்பார். கூட்டம் விசிலடிக்கும். கையில் கொடுத்தால் தீட்டு என்பதற்காக வந்த வித்தையோ இது என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. சாப்பாடு கொல்லைப்பக்கம், இலையில்.

பிறகு எங்க தெருப் பையன்கள் தலையெடுத்தார்கள். இனிமே சாவுக்கு அடிக்கக் கூடாது என்றார்கள். அண்ணன் ஒருவன் பறைத் தோலைக் கத்தியால் கிழித்தே போட்டான். பெரியப்பா அன்றைக்குச் சோறு தின்னவில்லை. அப்புறம் ஒரு நாள் சொன்னார்: "அடிக்கிறது கேவலம் இல்லடா. கூப்பிடுற விதந்தான் கேவலம்." அதே பெரியப்பா ஏப்ரல் 14 ஊர்வலத்தில் புதுத் தோல் கட்டி அடித்தார். தரையில் யாரும் நோட்டு வைக்கவில்லை. மாலை போட்டார்கள்.

பெரியப்பா சொன்னதை வைத்துப் பெஸ்ஸியைப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. அவர் வாழ்க்கையில் இன்னொரு மறுப்பும் உண்டு. ஒரு சினிமாவில் அவரை நடிக்க ஒப்பந்தம் செய்தார்கள். எடுத்தது கறுப்பர் கம்பெனிதான். முதல் காட்சியில் கிழிந்த உடையோடு, கையில் தடி, முதுகில் மூட்டையோடு பட்டணத்துக்கு வரும் பெண்ணாக அவர் நிற்க வேண்டும். பெஸ்ஸி மாட்டேன் என்று வெளியேறிவிட்டார். கையில் பணமில்லாத காலம் அது. அந்தச் சினிமா அவருக்கு எவ்வளவோ உதவியிருக்கும். அங்கே பேரம் பேசவே இல்லை.

வாசல் விஷயத்தில் பாதிக்கு ஒத்துக்கொண்டவர், கந்தல் விஷயத்தில் கால்வாசிக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஏன்? நான் புரிந்துகொண்ட அளவில் இரண்டும் வேறு வேறு. வாசலும் வரிசையும் அவர்கள் போட்டு வைத்த அநியாயம். அதை ஒரே நாளில் உடைக்க ஒரு ஆளிடம் பலம் இல்லாமல் போகலாம். ஒரு பக்கம் உடைந்தால் உடைந்தவரை லாபம், மீதி பாக்கி நிற்கிறது. கந்தல் அப்படியல்ல. அதில் என் இழிவை நானே நடித்துக் காட்ட வேண்டும். அதில் பாதி என்று ஒன்று கிடையாது. நோட்டை வாயால் எடுப்பதில் பாதி எடுப்பது எப்படி?

தோழர் விடமாட்டார். தனித்தனி வரிசைக்கு மேலே பறந்து காட்டியதும் அந்த இழிவுக்குக் கையெழுத்துப் போட்டது ஆகாதா என்பார். இது சரியான கேள்வி. மேலே பறக்கும்போது இரண்டு வரிசையும் ஒரே பக்கமாகத்தானே அண்ணாந்து பார்த்தது என்று அழகாகப் பதில் சொல்லலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பெரியப்பா அடித்தபோதும் ஊர் முழுக்க ஒரே பக்கம்தான் பார்த்தது. கலை சாதியை மறக்கடிக்கும் என்பது மேடையில் பேசுகிற பேச்சு. காட்சி முடிந்ததும் அவரவர் தெருவுக்குத்தான் போகிறார்கள்.

என் பதில் வேறு. பெஸ்ஸி கையில் இருந்தது ஒன்றே ஒன்று. அவர் பறக்காவிட்டால் காட்சி இல்லை. உழைப்பாளிக்கு வேலைநிறுத்தம்போல, வித்தைக்காரருக்கு வித்தை நிறுத்தம். அதை வைத்து அன்றைக்கு ஒரு வாசலை வாங்க முடிந்தது. கறுப்புக் குழந்தை ஒன்று வெள்ளைக்காரனோடு ஒரே வழியாக உள்ளே நடந்தது. வாங்கிய பாதியே போதும் என்று அவர் உட்கார்ந்துவிட்டாரா என்றுதான் பார்க்க வேண்டும். உட்காரவில்லை. போன இடமெல்லாம் கறுப்பர்களை அனுமதிக்காத காட்சியில் பறக்க மறுத்தார். பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் பேசினார். கறுப்பர்களுக்கென்று ஒரு விமானப் பள்ளி தொடங்குவதுதான் அவர் ஆசை. காட்சியில் வந்த காசு அதற்குத்தான்.

அதே 1925இல்தான் வைக்கம் போராட்டம் முடிவுக்கு வந்தது. கோயிலைச் சுற்றி மூன்று பக்கத் தெருக்களைத் திறந்தார்கள். கிழக்குப் பக்கம் திறக்கவில்லை. அதுவும் பாதிதான். அந்தப் பாதியை வெற்றி என்று கொண்டாடியவர்களும் உண்டு, ஏமாற்று என்று கசந்தவர்களும் உண்டு. திருவிதாங்கூரில் கோயில் கதவு திறக்க 1936 ஆயிற்று. நடுவில் சும்மா இருந்திருந்தால் அந்த மூன்று தெருவே முடிவாகிப் போயிருக்கும்.

பெஸ்ஸிக்கு அவ்வளவு காலம் கிடைக்கவில்லை. 1926 ஏப்ரல் 30, புளோரிடாவில் ஜாக்சன்வில். மறுநாள் காட்சி. கையில் இருந்த காசுக்கு வாங்கிய பழைய ஜென்னி. டெக்சாஸிலிருந்து வரும் வழியிலேயே கோளாறாகி இடையில் இறக்க வேண்டியிருந்தது. ஓட்டியவர் வெள்ளைக்கார மெக்கானிக் வில்லியம் வில்ஸ். மறுநாள் பாரசூட்டில் குதிக்க இடம் பார்ப்பதற்காகப் பெஸ்ஸி இடுப்புப் பட்டையைப் போடாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் திடீரென்று தலைகுப்புறப் பாய்ந்து புரண்டது. ஏறத்தாழ 2,000 அடி உயரத்திலிருந்து வெளியே வீசப்பட்டு விழுந்து இறந்தார். வயது 34. வில்ஸும் விமானத்தோடு விழுந்து இறந்தார். பிறகு பார்த்தால், ஒரு ஸ்பேனர் இயக்கும் கருவிக்குள் சிக்கியிருந்தது. அவர் திறமையில் குறை இல்லை. நல்ல விமானம் வாங்க வழியில்லாத கைக்குக் கிடைத்தது அந்த விமானம். சிகாகோவில் இறுதிச் சடங்கை முன்னின்று நடத்தியவர், கறுப்பர்களை அடித்துக் கொல்லும் கும்பல் கொலைகளை எதிர்த்து வாழ்நாளெல்லாம் எழுதிய ஐடா பி. வெல்ஸ்.

பள்ளியைப் பெஸ்ஸி தொடங்கவில்லை. 1929இல் வில்லியம் பவல் என்ற கறுப்பர் லாஸ் ஏஞ்சலிஸில் பெஸ்ஸி கோல்மன் விமானக் கழகம் தொடங்கினார். 1931 முதல் கறுப்பு விமானிகள் சிகாகோவில் அவர் கல்லறைக்கு மேலே பறந்து பூப்போட்டார்கள். 1992இல் விண்வெளிக்குப் போன மே ஜெமிசன் அவர் படத்தைக் கூடவே கொண்டு போனார்.

தோழரை அடுத்த முறை பார்க்கும்போது இதைச் சொல்ல வேண்டும். பாதி கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம் தோழர், பாக்கி இருக்கிறது என்பதை மறக்காமல் இருந்தால். தரையில் வைத்தால் மட்டும் குனிய வேண்டாம்.