விலையுயர்ந்த மருந்தும் வியாதியஸ்தரின் மனச்சாட்சியும்

மனிதன் தன் உயிருக்கு எஜமான் அல்ல, காவலன் மாத்திரமே. சர்வேசுரன் தந்த அக்கொடையைப் பேணுவது அவன் கடமை. ஞானோபதேசம் படிக்கும் சிறு பிள்ளையும் இதை அறியும். ஆனால் எவ்வளவு தூரம் பேணுவது? நிலத்தை விற்றும் கடன்பட்டும் கடைசி மருந்துவரை போய்ப் பார்த்தே தீரவேண்டுமா? வேண்டாம் என்று சொல்கிறவன் பாவம் செய்கிறானா?

எலவனாசூர்கோட்டையில் ஒரு பெரியவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு ஏக்கர் கரும்பு. கலியாணத்துக்கு ஒரு மகள். சிறுநீரில் இரத்தம் கண்டு புதுச்சேரி ஜிப்மருக்குப் போகிறார். சிறுநீரகத்தில் புற்று, நுரையீரலுக்கும் பரவிவிட்டது. 'இம்யூனோதெரபி' கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். "நிலத்தை வித்தாவது பாத்துடணும், இல்லாட்டி ஊர் என்ன பேசும்?" என்கிறான் மூத்தவன். "ஆண்டவர் விட்ட வழி, அப்பாவைக் கஷ்டப்படுத்த வேணாம்" என்கிறான் இளையவன். ஒன்றில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறார்கள்: "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், மனசு ஒடஞ்சிடுவாரு."

முதலில் அம்மருந்து இன்னதென்று அறிவோம். நோயை எதிர்க்கும் அணுக்கள் நம் இரத்தத்தில் உண்டு. அவை அளவு மீறிப் பாயாதபடி உடலிலேயே ஒரு தடையும் உண்டு. புற்று அந்தத் தடையை அழுத்திப் பிடித்துத் தப்பித்துக்கொள்கிறது. தடையை விடுவிப்பதே இம்மருந்தின் வேலை. இவ்வழியைக் கண்டதற்காக ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோஞ்சோ என்னும் இருவரும் 2018-ல் நோபல் பரிசு பெற்றனர். முற்றிய சிறுநீரகப் புற்றுநோயாளரிடம், நிவோலுமாப், இப்பிலிமுமாப் என்னும் இரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்து நடத்திய பெரிய ஆய்வு ஒன்று அதே ஆண்டு வெளிவந்தது. அதில் நூற்றுக்கு 42 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. அவர்களுள் 9 பேருக்குக் கட்டியே தென்படவில்லை. பழைய மாத்திரை சாப்பிட்டவர்களுள் இந்த எண்ணிக்கை 27-ம் 1-ம்தான். மறுபக்கமும் உண்டு. புது மருந்து பெற்றவர்களுள் நூற்றுக்கு 46 பேருக்குக் கடும் பக்கவிளைவு நேர்ந்தது. 22 பேர் அதனால் மருந்தை நிறுத்தவேண்டியதாயிற்று. தடை நீங்கிய அணுக்கள் சில வேளை குடலையும் ஈரலையும் நுரையீரலையுமே தாக்கும்.

ஆகவே இது வீண் செலவும் அன்று, நிச்சயமான சுகமும் அன்று. நியாயமான நம்பிக்கை, கனமான பாரம். இரண்டும் ஒரே தராசில் நிற்கின்றன.

இதைப்பற்றித் திருச்சபையின் போதனை என்ன? 16-ம் நூற்றாண்டிலேயே, சலமாங்கா நகரில் போதித்த சாமிநாதர் சபைத் துறவி பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா, விலையுயர்ந்த மருந்துக்காகத் தன் ஆஸ்தி முழுவதையும் கொடுக்க ஒருவனுக்குக் கடமையில்லை என்று கற்பித்தார். 1957 நவம்பர் 24-ல் பாப்பரசர் 12-ம் பத்திநாதர், மருத்துவர்களின் கேள்விக்கு விடையாக, சாதாரண வழிகளைக் கையாளவே நாம் கடமைப்பட்டவர்கள் என்றும், தனக்கோ பிறருக்கோ மிஞ்சின பாரம் சுமத்தும் வழிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல என்றும் போதித்தார். 1980-ல் விசுவாசக் கோட்பாட்டுச் சபை இதை இன்னும் விளக்கியது. புதிய சிகிச்சையை, ஆபத்து கலந்ததானாலும், வியாதியஸ்தர் சம்மதித்து ஏற்கலாம். பலன் எதிர்பார்த்தபடி இல்லாவிட்டால் நிறுத்தலாம். குடும்பத்தின்மேல் மிஞ்சின செலவைச் சுமத்த மனமின்றி மறுப்பது தற்கொலை ஆகாது.

இப்போது மூத்த மகனுக்குச் சொல்வோம்: தம்பி, உன் பாசம் மெச்சத்தக்கது. ஆனால் ஊர்வாய்க்குப் பயந்து செய்யும் செலவு பாசத்தின் கணக்கில் சேராது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை உதவி உண்டு. அதில் எந்த மருந்து அடங்கும் என்று, பத்திரத்தில் கை வைக்குமுன் ஆஸ்பத்திரியில் கேள். இளைய மகனுக்கும் ஒரு சொல்: டாக்டரின் அறிவும் ஆண்டவர் விட்ட வழிதான். முயன்று பார்ப்பதை அவிசுவாசம் என்று நினையாதே.

இருவருக்கும் சேர்த்துச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு, அதுவே முக்கியம். தராசைப் பிடிக்கவேண்டிய கை உங்களுடையது அன்று. எந்த வேதனை தாங்கத்தக்கது, எந்தச் செலவு மனச்சாட்சிக்கு ஒத்தது என்று தகப்பனார் அல்லவா சொல்லவேண்டும்? மறைத்துவைத்தால் அவர் எதைக்கொண்டு தீர்மானிப்பார்? நிலத்தைப் பங்கிடவும், பகையாளியோடு ஒப்புரவாகவும், நல்ல பாவசங்கீர்த்தனம் செய்து நோயில்பூசுதல் பெறவும் அவருக்குக் கிடைத்த காலத்தையும் அன்பின் பேரால் பறித்துவிடுகிறோம். வீட்டார் முகத்திலிருந்தே பாதியை அவர் அறிந்திருப்பார்; பேச ஆளின்றித் தனியே பயப்படுவார். ஒரேயடியாகக் கொட்டவேண்டியதில்லை. அவர் கேட்கும் அளவுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து, பொய் கலவாமல் சொன்னால் போதும். "நான் உங்களுக்குப் பாரம்" என்று அவர் சொன்னால், அது அவருடைய தீர்மானமா, நம் முகச்சுளிப்பு கற்பித்த வார்த்தையா என்று நம்மையே சோதித்துக்கொள்ளக் கடவோம்.

உண்மை அறிந்த ஒரே மனிதன் ஒரு காலத்தில் ஆம் என்றும், மறு காலத்தில் போதும் என்றும் நல்ல மனச்சாட்சியோடு சொல்லலாம். அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 2015-ல், 90-ம் வயதில், தோல் புற்று ஈரலுக்கும் மூளைக்கும் பரவியது. கதிர்வீச்சோடு இவ்வகை மருந்தையும் ஏற்றார். அவ்வாண்டு முடிவதற்குள் புற்று தென்படாமற்போயிற்று. 2023 பிப்ரவரியில், இனி ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டுப் பராமரிப்பு போதும் என்றார். 2024 டிசம்பரில், 100-ம் வயதில் மரித்தார்.

ஆதலால் சிகிச்சை தொடங்குமுன் டாக்டரிடம் கேளுங்கள்: எத்தனை மாதத்தில் பலன் தெரியும்? பலன் இல்லையென்றால் எப்போது நிறுத்துவது? மருந்தை நிறுத்தினாலும் உணவு, தண்ணீர், சுத்தம், வலிதணிப்பு, பக்கத்தில் ஓர் ஆள் என்னும் கடமைகள் நிற்பதில்லை. கடும் வலிக்கு மார்பின் கொடுப்பது பாவமன்று என்பதும் 1957-லேயே அதே பாப்பரசர் சொன்னதுதான். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலிதணிப்புப் பராமரிப்பு செய்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

மருந்தை ஏற்பவர் தைரியத்தோடு ஏற்கட்டும். மறுப்பவர் சமாதானத்தோடு மறுக்கட்டும். இருவரும் உண்மையை அறிந்து செய்யட்டும். அதற்கு வேண்டிய துணிவைச் சர்வேசுரன் நம் குடும்பங்களுக்குத் தந்தருள்வாராக.