அதே பாட்டு, அடுத்த ஊர்

ஒருவர் நம்மிடம் ஒன்றைச் சொல்கிறார். நான்கு நாள் கழித்து வேறு ஊரில், வேறு ஆட்களிடம், அதே குரலில், அதே சிரிப்போடு அதையே சொல்கிறார். அப்படியென்றால் நம்மிடம் சொன்னது பொய்யா?

கேட்டால் காதல் தகராறு மாதிரி இருக்கும். எனக்கு இந்தக் கேள்வி ஒரு பாட்டுக் கச்சேரி வழியாக வந்தது. 2025 ஜனவரி 30 அன்று புனேயில் தொடங்கி, ஹைதராபாத், சென்னை, பெங்களூரு, ஷில்லாங், கடைசியாக டெல்லிப் பக்கம் குருகிராம் என்று எட் ஷீரன் இந்தியாவைச் சுற்றி வந்தார். சென்னையில் பிப்ரவரி 5, புதன்கிழமை, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். பெங்களூரில் 8, 9 என இரண்டு நாள். சேலையூரில் இருக்கும் என் தோழி சென்னைக்கும் போனாள், பெங்களூரில் 9ஆம் தேதிக்கும் போனாள். முதலாவது சுலபம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி கிண்டியில் இறங்கி மெட்ரோ பிடித்தால் மூன்றாவது ஸ்டேஷன் நந்தனம். இரண்டாவதற்குப் பார்க் ஸ்டேஷன் போய், சாலையைக் கடந்து, சென்ட்ரலில் ரயில் ஏறி, திரும்பி வந்து திங்கட்கிழமை வேலைக்கும் போக வேண்டும். எல்லாம் செய்தாள். பதினைந்து வயதிலிருந்து கேட்கும் பாடகர். அவரே எழுதி அவரே பாடுபவர். தன் வாழ்க்கையின் பாதி அந்தப் பாட்டுகளில் இருப்பதாக நம்புபவள்.

திரும்பி வந்தவள் சொன்ன முதல் விஷயம் பாட்டைப் பற்றியது இல்லை.

“நடுநடுவுல பேசுறதுகூட அதேதாண்டி. பெடலைப் பத்தி சொல்றது, கூட்டத்தை ரெண்டா பிரிச்சுப் பாட வைக்கிறது, எல்லாம். புதன்கிழமை நம்மகிட்ட பேசுறார்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழமை பாத்தா, அது நிகழ்ச்சியில ஒரு பகுதி.”

ஒரு தடவை மட்டும் போனவர்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. பின்தொடர்ந்து போனவளுக்குத்தான் தெரிந்தது. அதிகம் நேசித்ததற்குக் கிடைத்த பரிசு இது.

*

பெடல் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்விக்கு அது முக்கியம்.

எட் ஷீரன் மேடையில் பெரும்பாலும் தனி ஆள். கையில் கிட்டார், காலடியில் லூப் பெடல். கிட்டாரின் உடலைத் தட்டி ஒரு தாளம் உண்டாக்குவார். காலால் பெடலை அழுத்தினால் அது பதிவாகித் திரும்பத் திரும்ப ஓடும். அதன்மேல் கம்பிகளில் ஒரு வரிசை. அதுவும் பதிவாகும். அதன்மேல் தன் குரலிலேயே ஒரு சுதி, இன்னொரு சுதி. இரண்டு நிமிடத்தில் ஒரு இசைக்குழுவே வாசிப்பது போலக் கேட்கும். ஏற்கெனவே பதிவு செய்து கொண்டுவந்தது எதுவும் இல்லை, எல்லாம் அங்கேயே கண்முன் கட்டப்பட்டது. பாட்டு முடிந்ததும் அது அழிந்துவிடும். அடுத்த ஊரில் மறுபடி முதல் தட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆக, தோழி பார்த்தது இரண்டு. ஒன்று, இரண்டு ஊரிலும் ஒரே பாட்டு. இன்னொன்று, இரண்டு ஊரிலும் அந்தப் பாட்டு சூனியத்திலிருந்து எழுப்பப்பட்டது. முதலாவதை மட்டும் எண்ணினால் ஏமாற்றம். இரண்டாவதையும் சேர்த்து எண்ணினால் கணக்கு வேறு.

நமக்கு எங்கிருந்தோ ஒரு எண்ணம் வந்திருக்கிறது. முன்யோசனை இல்லாமல் சட்டென்று வருவதுதான் உண்மை, திரும்பச் சொல்வது நடிப்பு என்று. இது பழைய எண்ணமாகத் தெரியவில்லை. ஒலிப்பதிவு வந்தபிறகு ஒரு பாட்டை மாற்றமே இல்லாமல் ஆயிரம் தடவை கேட்கிறோம். அப்படியே இருப்பதை செல்போன் தந்துவிடுகிறது. அதனால் நேரில் போகும்போது, செல்போன் தராத ஒன்றை, எனக்கு மட்டும் நடக்கும் ஒன்றைக் கேட்கிறோம்.

ஆனால் அன்றாட வாழ்க்கையில் நாம் இந்த அளவுகோலை வைப்பதே இல்லை. கோயிலில் ஓதுவார் நேற்றுப் பாடிய அதே பதிகத்தை இன்றும் பாடுகிறார். யாரும் அவரைப் பொய்யர் என்பதில்லை. “சாப்பிட்டியா?” என்று அம்மா தினமும் ஒரே தொனியில் போனில் கேட்கிறார், தங்கையிடமும் அதையே கேட்கிறார். அதனால் அந்தக் கேள்வி போலியாகிவிடுகிறதா? பெருங்களத்தூர் கிளினிக்கில் டாக்டர் ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் “பயப்படாதீங்க” என்கிறார். நாற்பதாவது ஆளுக்கும் அது வேண்டியிருக்கிறது.

எனவே திரும்பச் சொல்வதில் பொய் இல்லை. அப்படியானால் பொய் எங்கே நுழைகிறது? “உலகத்திலேயே நீங்கதான் பெஸ்ட் கூட்டம்” என்று ஒரு பாடகர் எல்லா ஊரிலும் சொன்னால் அதில் பொய் உண்டு. ஏனென்றால் அது ஒப்பீடு. ஓர் ஊரில் உண்மையானால் மற்ற ஊர்களில் உண்மையாக முடியாது. “வந்ததுக்கு நன்றி” என்பது அப்படி இல்லை. அது எத்தனை ஊரிலும் உண்மையாக இருக்கலாம். பாட்டும் இந்த இரண்டாவது வகை. பிரிவைப் பற்றிய ஒரு பாட்டு எனக்குப் பொருந்துவதால் பக்கத்தில் நிற்பவருக்குப் பொருந்தாமல் போவதில்லை. ரசிகருக்கு வலிப்பது பொய் சொல்லப்பட்டதால் அல்ல. யாரும் சொல்லாத ஒரு ஒப்பீட்டை, ‘உனக்கு மட்டும்’ என்பதை, அவரே மனதில் சேர்த்துக்கொண்டதால்.

பெங்களூரில் தோழிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் நின்றிருக்கிறாள். கல்லூரியில் படிக்கும் வயது. முதல் கச்சேரி. ஒரு பாட்டுக்கு முன்னால் அவர் பேசிய பேச்சில் அந்தப் பெண் அழுதுவிட்டாளாம். “சென்னையிலயும் இதைத்தான் சொன்னாருன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல.”

நான் இதைப் பல நாள் யோசித்தேன். உண்மை தெரிந்தவர் மௌனமாக இருந்தால் அதற்கும் ஏமாற்றில் பங்கு உண்டு என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இங்கே அது பொருந்தாது. அந்தப் பெண் எதிலும் ஏமாறவில்லை. தனக்குத் தேவையான ஒன்றைச் சரியாகப் பெற்றுக்கொண்டிருந்தாள். தோழி சொல்லியிருந்தால் ஒரு தகவல் போயிருக்கும். கூடவே ‘நான் உனக்கு முன்னாலேயே கேட்டவள்’ என்ற செய்தியும் போயிருக்கும். அந்த இரண்டாவது செய்திதான் ஆபத்து.

*

ஊர் ஊராகப் போய்த் தானே கட்டிய பாட்டைப் பாடுவது நமக்குப் புதிதில்லை. தாம்பரத்துக்குப் பக்கத்தில் திருநீர்மலை இருக்கிறது, பல்லாவரத்துக்கு அந்தப் பக்கம். திருமங்கையாழ்வார் பாடிய தலம். மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதால் அது வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து பாடினார் என்பது தலவரலாறு. மழையால் நிகழ்ச்சி தள்ளிப்போவது நம்ம பக்கத்துப் பழைய வழக்கம்தான்! அவர் பாடிய தலங்கள் 80க்கு மேல். நாயன்மார் மூவரும் அப்படியே. திருவான்மியூரை அப்பரும் சம்பந்தரும் பாடியிருக்கிறார்கள்.

அந்தப் பாட்டுகளில் பாட்டுடைத் தலைவன் மாறுவதில்லை. மாறுவது ஊர்ப்பெயரும் அந்த ஊரின் வயலும் கடலும் சோலையும். அதை வைத்து ‘எல்லா ஊரிலும் அதையேதானே பாடுகிறார்’ என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. ‘பாடல் பெற்ற தலம்’ என்று பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். திருவான்மியூர்க்காரர்களுக்கு அது தங்கள் பாட்டு. அடுத்த ஊருக்கும் ஒரு பாட்டு இருப்பதால் இவர்கள் பாட்டு குறைந்துவிடவில்லை.

நந்தனத்திலும் இது நடந்தது. ஏ.ஆர். ரஹ்மான் மேடையேறி, 1994இல் வந்த ‘காதலன்’ படத்தின் ‘ஊர்வசி’யையும் ஷீரனின் ‘ஷேப் ஆஃப் யூ’வையும் இருவரும் சேர்த்துப் பாடினார்கள். பெங்களூரில் ஷில்பா ராவோடு சேர்ந்து ‘தேவரா’ படத்துத் தெலுங்குப் பாட்டு ‘சுட்டமல்லே’. கன்னட ஊரில் தெலுங்குப் பாட்டா என்று சிரிக்கலாம். ஆனால் தோழி இரண்டையும் கேட்டவள். ஊர்வசி நமக்கு, சுட்டமல்லே அவர்களுக்கு, மற்றதெல்லாம் எல்லோருக்கும்.

*

பின்தொடர்பவரின் உண்மையான சோதனை வேறு இடத்தில் இருக்கிறது. எத்தனை கச்சேரி, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு செலவு என்று அவர் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. கணக்கு இருந்தால் பாக்கியும் இருக்கும். ‘இவ்வளவு செஞ்சேனே, எனக்கு என்ன?’

இங்கே இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டிக்கெட் வாங்கியவருக்கு உரிமை உண்டு. 2023 செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூரில் நடந்த ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நினைவிருக்கும். ஆகஸ்ட் 12இல் நடக்க வேண்டியது மழையால் தள்ளிப்போனது. அன்று இடம் கொள்ளாத கூட்டம், சாலையெல்லாம் நெரிசல், டிக்கெட் கையில் இருந்தும் பலர் உள்ளே போக முடியவில்லை. பெண்கள் கூட்டத்தில் தாங்கள் அனுபவித்ததை வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. உட்கார இடமும் பாதுகாப்பும் டிக்கெட்டோடு வருகிற உரிமை. ரஹ்மானும் டிக்கெட் நகலை அனுப்பச் சொன்னார், பணம் திருப்பித் தரப்பட்டது. அந்த நேரத்தில் ‘உண்மையான ரசிகன்னா பொறுத்துக்கணும்’ என்று சிலர் எழுதினார்கள். அது தவறு. பக்தியைக் காட்டி உரிமையை வாயடைக்கக் கூடாது.

ஆனால் பக்தியே உரிமையாகிவிடவும் கூடாது. 1966 மே 17, மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹால். பாப் டிலன் முதல் பாதியைத் தனியாகக் கிட்டாரோடும் மவுத் ஆர்கனோடும் பாடினார். இரண்டாம் பாதியில் மின்கிட்டாரும் இசைக்குழுவும். கூட்டத்திலிருந்து ஒருவர் “யூதாஸ்” என்று கத்தினார். அந்த ஆள் டிலனை வெறுத்தவராக இருக்க முடியாது. வெறுப்பவருக்கு அந்தப் பெயர் தோன்றாது. யூதாஸ் என்று சொல்ல, முதலில் ஒருவரை ரட்சகராக நம்பியிருக்க வேண்டும். ‘என் டிலன்’ என்று ஒருவரை வைத்திருந்தார். மேடையில் நின்றவர் அவராக இருக்க மறுத்தார். டிக்கெட்டுக்கு உரிய பாட்டு அங்கே கிடைத்தது. அவர் கேட்டது டிக்கெட்டில் இல்லாத ஒன்று.

*

இந்த இடத்தில் எனக்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் நினைவுக்கு வருகிறார். அவர் கதையைச் சொன்னவர் சேக்கிழார், குன்றத்தூர்க்காரர். பல்லாவரத்திலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடலாம்.

யாழ்ப்பாணர் சம்பந்தரின் பாட்டைக் கேட்டு, மனைவி மதங்கசூளாமணியோடு ஊர் ஊராக அவர் கூடவே போனவர். சம்பந்தர் பாடப்பாட அதை யாழில் வாசிப்பார். பாணர் குலம் என்பதால் போகிற வீடுகளில் தங்க இடம் கிடைப்பதே ஒரு கேள்வியாக இருந்த காலம். அதையும் மீறிப் பின்தொடர்ந்தார். தருமபுரம் என்ற ஊரில் அவருடைய தாய்வழி உறவினர்கள் இருந்தார்கள். சம்பந்தர் பாட்டு இவ்வளவு பரவியதே நீ யாழில் வாசிப்பதால்தான் என்று அவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள்.

எந்த ரசிகருக்கும் இனிக்கும் வார்த்தை இது. ‘எங்களாலதான் அவர் வளர்ந்தார்.’ யாழ்ப்பாணர் பதறிப்போகிறார். யாழுக்குள் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடுங்கள், இவர்களுக்கும் உலகத்துக்கும் தெரியட்டும் என்று சம்பந்தரிடம் அவரே வேண்டுகிறார். சம்பந்தர் பாடுகிறார். யாழில் அது வரவில்லை. யாழ்மூரி என்று பெயர் பெற்ற பதிகம் அது. இந்தக் கருவியால்தானே இத்தனையும் என்று யாழ்ப்பாணர் யாழை உடைக்க ஓங்குகிறார். சம்பந்தர் தடுக்கிறார். இதற்குள் எல்லாம் அடங்கிவிடுமா, முடிந்த அளவு வாசியுங்கள் என்ற பொருளில் சொல்லி யாழைத் திருப்பித் தருகிறார்.

நான் இதை ரசிகர் அறத்தின் மூலக்கதையாகவே படிக்கிறேன். மான்செஸ்டர் ரசிகர், தன் கைக்கு அடங்காத பாட்டைத் துரோகம் என்றார். யாழ்ப்பாணர், அடங்காது என்று காட்டச் சொல்லி அவரே கேட்டார். காட்டியதும் இன்னொரு தவறான பக்கத்துக்குப் போனார்: அடங்காது என்றால் இந்த யாழ் எதற்கு? தோழி பெங்களூரிலிருந்து திரும்பிய வாரம் அந்த மனநிலையில்தான் இருந்தாள். ‘எல்லாருக்கும் சொல்றதுன்னா நான் எதுக்கு அவ்ளோ தூரம் போகணும்?’

சம்பந்தரின் பதில் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். பாட்டு உன் கையில் அடங்காது. அதற்காகக் கையை வெட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

*

பின்தொடர்ந்து போவதெல்லாம் காசும் லீவும் இருப்பவர்களுக்குத்தானே என்று கேட்கலாம். ஆமாம். நந்தனம் மைதானத்துச் சுவருக்கு வெளியே நின்று கேட்டவர்கள் உண்டு. உள்ளே டிக்கெட்டோடு நின்றாலும், கூட்டம் கலைவதற்குள் ஸ்டேஷன் போக வேண்டும் என்று கடைசிப் பாட்டுக்கு முன்பே கிளம்பும் புறநகர்வாசிகள் எப்போதும் உண்டு. யார் அதிகம் நேசிக்கிறார் என்பதை ஊர் எண்ணிக்கையால் அளந்தால், நேசம் சம்பளத்தைப் பொறுத்தது என்றாகிவிடும். அதனால்தான் பின்தொடர்வது ஒரு தகுதியாக ஆகக் கூடாது என்கிறேன்.

அது ஒரு பயிற்சி மட்டுமே. ஒரே பாட்டை இரண்டு ஊரில் கேட்டவருக்கு, முதல் தடவை கேட்டவரிடம் இல்லாத ஒன்று கிடைக்கிறது. தாளத்தின் முதல் தட்டு அன்று கொஞ்சம் தாமதமாக விழுந்தது தெரியும். ஒரு சொல்லில் குரல் வேறு மாதிரி உட்கார்ந்தது தெரியும். இன்னொன்றும் தெரியும்: எனக்கென்று நினைத்த வரி, எனக்குத் தெரியாத ஒரு பெண்ணுக்கும் தேவைப்பட்டது.

ஒரு பாட்டு நம்மை மட்டும் பார்த்துப் பாடப்பட்டது என்ற நம்பிக்கையில் காதல் தொடங்கலாம், தப்பில்லை. பக்கத்தில் நிற்பவரையும் பார்த்துத்தான் பாடினார் என்று தெரிந்த பிறகும் சந்தோஷம் மிஞ்சுகிறதா என்பதுதான் கேள்வி. மிஞ்சினால், அடுத்த ஊருக்கும் தாராளமாக டிக்கெட் போடலாம்.