பல்வலியும் சீவகாருணியமும்

பல்வலியால் யாரும் சாவதில்லை என்ற நினைப்புதான் பல் மருத்துவத்தைக் கடைசி வரிசையில் வைத்திருக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் கூலி வேலைக்குப் போகிறவரின் கடைவாய்ப்பல் சொத்தை, உள்ளே நரம்புவரை எட்டிவிட்டால் வழி இரண்டே: பிடுங்குவது, அல்லது வேர் சிகிச்சை செய்து கேப் போடுவது. பிடுங்கச் செலவு குறைவு. வேர் சிகிச்சைக்கோ பல நடை. தனியார் கிளினிக்கில் ஆயிரக்கணக்கில் ஆகும். சிதம்பரத்தில் 1980இல் தொடங்கிய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி இன்று அரசுக் கல்லூரி. ஆனாலும் ஒவ்வொரு நடைக்கும் பஸ் காசோடு ஒரு நாள் கூலியும் போகும். வலி அடங்கியதும் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

இந்த வலியை வினைப்பயன் என்று விட்டுவிடலாமா? 1867இல் இதே மாவட்டத்து வடலூரில் தருமச்சாலை தொடங்கிய வள்ளலார், பசியை முன்வைத்து 'சீவகாருணிய ஒழுக்க'த்தில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறார். முன்வினையை அவர் மறுக்கவில்லை. சிறையிலிட்ட குற்றவாளிக்கும் அரசன் சோறு போடுகிறான். எனவே பசி நீக்குவது கடவுள் ஆணைக்கு விரோதமல்ல என்பது அவர் வாதம். பிணிக்கும் இது அப்படியே பொருந்தும்.

சிக்கல் வேறிடத்தில். பசியையும் கொலையையும் நீக்குவதை முதற்படியிலும், பிணி முதலியவற்றை நீக்குவதை அடுத்த படியிலும் அவர் வைத்தார். பல்வலி இந்தப் பிரிவுக்குள் ஒழுங்காக அடங்காது: தட்டில் சோறு இருந்தும் மெல்ல முடியாதவர் பட்டினிதான் கிடக்கிறார். பல்லைப் பிடுங்கினால் வலி போகும், அதோடு மெல்லும் வசதியும் போகும். வலியை மட்டுமே துன்பமாக எண்ணுகிறவருக்குத்தான் அது போதுமான சிகிச்சை.