163 கதிர்கள்

1896-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சிரில் ஹாப்கின்ஸ் என்ற வேதியியலாளர் 163 மக்காச்சோளக் கதிர்களைச் சோதனைக்கு எடுத்தார். எல்லாம் ‘பர்ஸ் ஒயிட்’ என்ற ஒரே ரகம். கதிருக்குச் சில வரிசை மணிகளை உதிர்த்து அளந்து, எண்ணெய் மிகுந்தவற்றைத் தனியாகவும் குறைந்தவற்றைத் தனியாகவும் விதைத்தார். புரதத்துக்கும் அப்படியே. அவர் மறைந்த பிறகும் வேலை நிற்கவில்லை. தலைமுறைகள் நூறைத் தாண்டிவிட்டன.

ஒரு மணியைப் பிளந்து பாருங்கள். எண்ணெயில் பெரும்பங்கு இருப்பது முளைக்கருவில். எண்ணெய்க்காகப் பொறுக்கிய வழியில் கரு பெருத்து, மாவுப்பகுதியை ஒதுக்கிக்கொண்டு நிற்கும். எதிர்வழியில் அது சுருங்கிக் கிடக்கும். தொடக்கத்தில் நூற்றுக்கு 5 பங்குகூட இல்லாத எண்ணெய் 20-ஐத் தாண்டியது. விளைச்சல் குறைந்ததால் அந்தச் சோளம் உழவர் வயலுக்குப் போகவில்லை.

எனக்கு வியப்பு அதில் இல்லை. 48 தலைமுறை ஒரே பக்கம் இழுத்த பிறகு, சில வழிகளைத் திருப்பிவிட்டார்கள். எண்ணெய் கூடிக்கொண்டே வந்த செடியில் குறைந்த கதிராகப் பார்த்துப் பொறுக்கினார்கள். எண்ணெய் இறங்கியது. அத்தனை காலம் கழித்துத் தள்ளியும், எண்ணெயைக் குறைக்கும் மரபணு மாற்றுக்கூறுகள் உள்ளே உயிரோடு இருந்திருக்கின்றன. ஒன்றோடொன்று தாராளமாக மகரந்தம் கலந்து வளர்ந்த சாதாரணக் கதிர்கள் சேர்த்துவைத்த செல்வம் அது.

அதே இல்லினாய் வயல்களில் 1970-ல் நின்றது வேறு சோளம். கலப்பின விதை உற்பத்தியில் ஆண்பூவைக் கையால் கிள்ளும் கூலியை மிச்சப்படுத்த, மகரந்தம் தராத ‘டெக்சாஸ்’ தாய்வழியைப் புகுத்தியிருந்தார்கள். பெயர்கள் பல, விதை நிறுவனங்கள் பல. ஆனால் அமெரிக்கச் சோளத்தில் நூற்றுக்கு 80-க்கும் மேல், தாய்வழியாக வரும் குழியமுதலுரு (சைட்டோபிளாசம்) ஒன்றே. இலைக்கருகல் பூஞ்சையின் புதிய இனம் ஒன்றுக்கு அது இலக்கானது. தெற்கில் தொடங்கிய நோய் ஈரக்காற்றோடு வடக்கே ஏறியது. முதலில் இலையில் பழுப்புப் புள்ளி. பிறகு கதிரே அழுகியது. நாட்டின் சோள விளைச்சலில் ஏறத்தாழ 15 விழுக்காடு ஒரே பருவத்தில் போனது. கூலியில் மிச்சம் பிடித்ததை உழவர்கள் பல மடங்காகக் கட்டினார்கள்.

அடுத்து வந்த கோடைகளில் விதை வயல்களுக்குள் மாணவர்கள் மறுபடி இறங்கினார்கள். வரிசை வரிசையாக நடந்து, உச்சியில் தலைகாட்டிய ஆண்பூக்களைக் கையால் பிடுங்கிப் போட்டார்கள்.