காது கேளாத பிள்ளைகளின் கல்வி: மஹல்லாவின் பொறுப்பு

அல்ஹம்து லில்லாஹ். புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



பள்ளிக்கூடங்கள் திறக்கும் நேரம் இது. எந்தப் பள்ளி, எவ்வளவு கட்டணம், எந்த மீடியம் என்றுதான் ஒரு மாதமாக எல்லா வீட்டிலும் பேச்சு. இந்தப் பேச்சில் வராத பிள்ளைகள் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். காது கேளாத பிள்ளைகள், குறைவாகக் கேட்கும் பிள்ளைகள். "அவனுக்கு என்னங்க ஹஜ்ரத் படிப்பு, ஏதாவது ஒரு கடையில் விட்டுவிடலாம்" என்று அவர்களுடைய கதையை ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்.

சூரத்துந் நஹ்லின் 78வது ஆயத்தைப் பாருங்கள். தாயின் வயிற்றிலிருந்து ஒன்றுமே அறியாதவர்களாக மனிதர்களை வெளியாக்கியதாகவும், அவர்களுக்குச் செவியையும் பார்வைகளையும் உள்ளங்களையும் கொடுத்ததாகவும் அல்லாஹுத்தஆலா அங்கே சொல்லிக் காட்டுகிறான். அறிவு உள்ளே போகும் வாசல்கள் இவை. செவியை முதலில் சொன்னதற்குப் பல காரணங்களை முஃபஸ்ஸிர்கள் எழுதியிருக்கிறார்கள். பிள்ளை மொழியைப் படிப்பது காது வழியாகத்தான் என்பது நாமே கண்ணால் பார்க்கும் காரணம். ஒரு வாசல் அடைபட்டிருந்தால் மற்ற இரண்டும் திறந்திருக்கின்றன. வீட்டின் முன்கதவு பூட்டியிருந்தால் பின்கதவு வழியாகப் போவோமே தவிர, வீட்டுக்குள் ஆளில்லை என்று திரும்பிவிட மாட்டோம்.

பிள்ளை பிறந்ததும் வலது காதில் பாங்கு சொல்கிறோம். ஸுன்னத் என்று ஆர்வமாகச் செய்கிறோம், மாஷா அல்லாஹ். அந்தக் காது கேட்கிறதா என்று எத்தனை பேர் பரிசோதித்துப் பார்த்தோம்? கதவு சாத்தும்போது பிள்ளை திடுக்கிட்டது என்பதெல்லாம் கணக்கில் வராது. காற்றின் அசைவுக்கும் அதிர்வுக்கும்கூடப் பிள்ளை திரும்பும். பிறந்த குழந்தைக்கு வலியில்லாமல் சில நிமிடங்களில் செய்யும் ஓஏஇ பரிசோதனை இருக்கிறது. அதில் சந்தேகம் வந்தால் பெரா பரிசோதனை. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் பயிற்சியைத் தொடங்குதல் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. நம் வீடுகளில் நடப்பதோ வேறு. "அவங்க வாப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று சொல்லியே மூன்று வருடம் ஓடிவிடுகிறது. மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் பருவம் அதுதான். அது போனால் பிறகு எவ்வளவு செலவழித்தாலும் முழுவதும் திரும்பாது.

இன்னொரு விஷயம். செவிடர்கள், ஊமைகள் என்று சூரத்துல் பகராவில் வருவதை எடுத்து இந்தப் பிள்ளைகள் மேல் போட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. அஸ்தஃபிருல்லாஹ். அந்த ஆயத் முனாஃபிக்குகளைப் பற்றியது. அவர்களுடைய காதில் எந்தக் குறையும் இருந்ததில்லை. நன்றாகக் கேட்கும் காதை வைத்துக்கொண்டு சத்தியத்தைக் கேட்க மறுத்தவர்களை அல்லாஹ் கண்டித்தான். ஒரு பாவமும் செய்யாத பச்சைக் குழந்தையோடு அதை இணைத்துப் பேசுவது குர்ஆனுக்குச் செய்யும் அநியாயம்.

சைகை மொழியைக் கேவலமாகப் பார்ப்பவர்களுக்கு நபி ஜகரிய்யா (அலை) அவர்களின் சரித்திரம் போதும். பிள்ளை பிறக்கும் என்பதற்கு அத்தாட்சியாக, சில நாட்கள் மக்களிடம் பேச முடியாத நிலையை அல்லாஹ் அவர்களுக்குக் கொடுத்தான். அந்த நாட்களில் அவர்கள் மிஹ்ராபிலிருந்து வெளியே வந்து, காலையும் மாலையும் அல்லாஹ்வைத் துதியுங்கள் என்று தம் சமூகத்துக்குச் சைகையால் அறிவித்ததாக சூரா மர்யமில் வருகிறது. ஒரு நபி மிஹ்ராபிலிருந்து வந்து கையசைவில் தீனைச் சொல்லியிருக்கிறார்! ஃபுகஹாக்களும் இதில் கஞ்சத்தனம் காட்டவில்லை. வாய் பேச முடியாதவரின் அறியப்பட்ட சைகை, நாவால் சொன்னதற்குச் சமம் என்பது ஃபிக்ஹு விதி. அவருடைய நிகாஹ் செல்லும், வியாபாரம் செல்லும். ஷரீஅத் பேச்சாக ஏற்றுக்கொண்டதை நாம் வேடிக்கை பார்க்கிறோம்.

நம்மில் பலர் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் ஹதீஸ்கள் 'முஸ்னதுஷ் ஷாஃபிஈ' என்ற நூலாக நமக்குக் கிடைத்தது யார் வழியாகத் தெரியுமா? நைஸாபூரைச் சேர்ந்த அபுல் அப்பாஸ் அல்அஸம்மு (ரஹ்) வழியாக. 'அஸம்மு' என்றால் காது கேளாதவர் என்று பொருள். ஹிஜ்ரி 247இல் பிறந்து 346இல் மறைந்தவர். இளமையில் ஊர் ஊராகப் பயணம் செய்து, இமாம் ஷாஃபிஈயின் மாணவர் ரபீஉ இப்னு ஸுலைமானிடம் கேட்டுத் திரும்பியபின் காது மந்தமானது. கழுதை கத்தினால்கூடக் கேட்காத அளவுக்கு அது முற்றியது. ஆனாலும் 76 ஆண்டுகள் ஹதீஸ் அறிவித்தார் என்றும், தம் பள்ளியில் 70 ஆண்டுகள் பாங்கு சொன்னார் என்றும் அவருடைய மாணவர் இமாம் ஹாகிம் பதிவு செய்கிறார். கடைசிக் காலத்தில் பார்வையும் போனது. மாணவர்கள் பேனாவை அவர் கையில் கொடுப்பார்கள். ஹதீஸ் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று அதைத் தொட்டே புரிந்துகொண்டு, மனப்பாடமாக உள்ளதைச் சொல்லத் தொடங்குவார். கேட்கவும் பார்க்கவும் முடியாத ஒருவரிடம் பேனாவால் பேசி ஹதீஸ் எழுதினார்கள் அந்த மாணவர்கள். இத்தனைக்கும் அஸம்மு என்று அழைப்பது அவருக்குப் பிடிக்காது என்பதால், அங்கிருந்த ஓர் இமாம் 'மஅகிலீ' என்றுதான் அவரைக் குறிப்பிடுவாராம். நம் தெருவில் அந்தப் பையனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்று ஒவ்வொருவரும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கையில் காசில்லாதவன் எதைக் கொண்டு தர்மம் செய்வான் என்று அபூதர் (ரலி) கேட்டதற்கு நபி (ஸல்) அவர்கள் ஒரு பட்டியலே கொடுத்தார்கள். முஸ்னது அஹ்மதிலும் இப்னு ஹிப்பானிலும் வருகிறது. பாதையில் கிடக்கும் முள்ளையும் கல்லையும் அகற்றுவது, பார்வையற்றவருக்கு வழி காட்டுவது, காது கேளாதவருக்கும் வாய் பேசாதவருக்கும் அவர் விளங்கிக்கொள்ளும் வரை விஷயத்தைச் சேர்ப்பது ஆகியவை அதில் உண்டு. "விளங்கிக்கொள்ளும் வரை" என்ற அளவைக் கவனியுங்கள். பிள்ளையை வகுப்பில் உட்கார வைப்பதோடும், பாஸ் போட்டு மேலே அனுப்புவதோடும் முடியும் காரியம் இல்லை அது.

இப்போது அரசாங்கம் வைத்திருப்பதைப் பார்ப்போம். அல்ஹம்து லில்லாஹ், ஒன்றுமில்லாத நாட்டில் நாம் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது பெற்றோரின் விருப்பம். அரசு வேலையில் காது கேளாதோருக்கென 1 சதவீத இடம் அதே சட்டத்தில் உண்டு. ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் இருக்கிறது, அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். மாவட்டத் தலைநகரில் ஆரம்பகால இடையீட்டு மையம் இருக்கிறது. காதுக்கருவி இலவசம். காக்ளியர் அறுவை சிகிச்சை பல லட்சம் ஆகும். ஆறு வயதுக்கு உட்பட்ட தகுதியுள்ள பிள்ளைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்கிறார்கள். பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் தருகிறார்கள். எல்லாவற்றுக்கும் சாவி ஒன்றுதான்: மருத்துவச் சான்றிதழும் யுடிஐடி அடையாள அட்டையும்.

அந்த அட்டையை வாங்கத்தான் நம் ஆட்கள் தயங்குகிறார்கள். "அட்டை வாங்கிவிட்டால் ஊருக்குத் தெரியும், மூத்தவளுக்கு மாப்பிள்ளை அமையாது" என்கிறார்கள். பெண்பிள்ளை என்றால் மூடி மறைப்பது இன்னும் அதிகம். ஒருத்தியின் நிகாஹுக்காக இன்னொருத்தியின் கல்வியைப் பறிக்க எந்த வாப்பாவுக்கும் உரிமை இல்லை. கியாமத் நாளில் அந்தப் பிள்ளை வாய் திறந்தே கேட்கும்.

அரசு ஏற்பாட்டில் குறைகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு ஓடுகிறார். சைகை மொழி தெரிந்த ஆசிரியர் கிடைப்பது அரிது. பெற்றோர் போய்க் கேட்டால்தான் கிடைக்கும், கேட்காத ஊருக்கு எதுவும் வராது. அறுவை சிகிச்சை செய்தால் மறுநாளே பிள்ளை பேசிவிடும் என்று நம்பிப் பயிற்சிக்குப் போகாமல் விட்ட வீடுகளும் உண்டு. கருவி வெறும் சத்தத்தைத்தான் தரும். அதை மொழியாக்குவது மாதக்கணக்கான, வருடக்கணக்கான பயிற்சி. வாரம் இரண்டு முறை பஸ் ஏறிப் போகக் காசில்லை, கருவியின் உதிரிப் பாகம் வாங்க வழியில்லை என்றால், ஏழைக் குடும்பமாக இருக்கும்பட்சத்தில் ஜகாத் அங்கே போகட்டும். பெற்றோர் கையில் உரிமையாக்கிக் கொடுத்துவிடுங்கள், ஜகாத் நிறைவேறிவிடும். நோன்பு மாதத்தில் சேலை கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

சொந்தத்தில் நிகாஹ் பற்றியும் ஒரு வார்த்தை. ஷரீஅத் அதை ஆகுமாக்கியிருக்கிறது, கட்டாயமாக்கவில்லை. குடும்பத்தில் பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகள் இருந்தால், மீண்டும் அதே சொந்தத்தில் சம்பந்தம் பேசும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது தவக்குலுக்கு மாற்றமானதல்ல. ஏற்கனவே பிறந்த பிள்ளையின் தாயை இதைச் சொல்லிக் குத்திக்காட்டுவது மட்டும் ஹராம்.

நம் பங்கு என்ன? பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே, வேற்று நாட்டிலிருந்து வந்த ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் என்ற கிறிஸ்தவப் பெண்மணி காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். இன்றும் நடக்கிறது. நம் மக்தபுகளில் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பாய்கூட விரித்து வைக்கவில்லை. மக்காவிலும் மதீனாவிலும் ஹரமில் ஜும்ஆ குத்பாவைச் சைகை மொழியில் பெயர்க்கிறார்கள். இங்கே நம் கடைசி ஸஃப்பில், இருபது நிமிடம் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் சகோதரர்கள் இருக்கிறார்கள். இன்றைய பயானும் அவர்களைப் பற்றித்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

நிர்வாகத்தோடு மஷூரா செய்து மூன்று காரியம் முடிவாகியிருக்கிறது. தொழுகை முடிந்ததும் அலுவலக அறையில் ஒரு நோட்டு இருக்கும். வீட்டில் இப்படிப் பிள்ளை இருப்பவர்கள் பெயரைக் கொடுங்கள், வெளியே யாருக்கும் காட்ட மாட்டோம். வட்டார வள மையத்துக்கும் மருத்துவச் சான்றிதழ் முகாமுக்கும் கூடவே வர இரண்டு வாலிபர்கள் பொறுப்பேற்றிருக்கிறார்கள். மக்தப் உஸ்தாதுகள் சைகை மொழி கற்க ஆசிரியர் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்தச் சகோதரர்கள் பக்கத்தில் இருப்பவர்கள் இன்று ஸலாம் கொடுத்தபின் எழுந்து ஓடிவிடாமல், இந்தச் செய்தியை அவர்களுக்குக் காகிதத்தில் எழுதிக் காட்டிவிட்டுப் போங்கள்.

யா அல்லாஹ்! அந்தப் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைக் கொடுப்பாயாக. அவர்களின் பெற்றோருக்குப் பொறுமையையும் தெம்பையும் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.