உடலுக்கும் ஒரு ஹக்கு உண்டு

ஐந்து வேளையும் தொழுகிறோம், குனிந்து நிமிர்கிறோம். இதைவிட வேறு உடற்பயிற்சி எதற்கு என்று நம்மவர்களில் பலர் கேட்பதுண்டு. மேடைகளிலும் இப்படிப் பேசக் கேட்டிருக்கிறோம். தொழுகையின் சிறப்பை எடுத்துரைக்கும் நல்லெண்ணத்தில்தான் இவ்வாறு சொல்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நமக்கு இதில் உடன்பாடு இல்லை. தொழுகை அல்லாஹ்வுக்காக. அதன் பலனை முட்டிக்கும் முதுகுக்கும் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் வணக்கத்தின் மதிப்பை நாமே குறைத்தவர்களாவோம். தவிரவும், பர்ளான 17 ரக்அத்துகளையும் நிதானமாகத் தொழும்போது மூச்சு வேகமாக வாங்கும் அளவுக்கு உடல் உழைப்பதில்லை. சற்றே மூச்சு வாங்கும்படியான உழைப்பு பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடங்களாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. தொழுதுவிட்டேன், அது போதும் என்பது, ஜகாத் கொடுத்தவன் வாங்கிய கடனைத் திருப்ப வேண்டியதில்லை என்று நினைப்பதற்கு ஒப்பாகும்.

ஆம், இது கடன்தான். அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்ததைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கேள்வியுற்றார்கள். அவரை அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் அவர்மீது ஹக்கு இருப்பதை நினைவூட்டினார்கள். இந்த நபிமொழியை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் யாரிடம் சொல்லப்பட்டது என்பதைக் கவனிப்பதில்லை. சோம்பேறியிடம் சொல்லப்படவில்லை, வணக்கத்தில் மூழ்கியவரிடம் சொல்லப்பட்டது. வணக்கத்துக்காகக்கூட உடலின் ஹக்கைப் பறிக்கக் கூடாது என்றால், நாவின் ருசிக்காகவும் சாய்வு நாற்காலியின் சுகத்துக்காகவும் பறிப்பதற்கு நமக்கு என்ன அனுமதி இருக்கிறது?

அஜல் எழுதப்பட்டுவிட்டது, நடந்தால் மட்டும் கூடுமா என்பாரும் உண்டு. ரிஸ்கும் எழுதப்பட்டதுதான். அதற்காக யாரும் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் படுத்திருப்பதில்லை.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. ரமலான் பிறை தெரிந்த இரவில், டாக்டர் நோன்பு கூடாது என்று சொல்லிவிட்டதால் கண் கலங்கி உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் இல்லையா? நோய் வந்தவரெல்லாம் தம் குற்றத்தால் அடைந்தார் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அநியாயம். பரம்பரையாலும் வரும், வறுமையாலும் வரும். ஆனால் உடலின் ஹக்கு நிறைவேறாத வீட்டில் அல்லாஹ்வின் ஹக்கை நிறைவேற்றுவதும் பிற்காலத்தில் சிரமமாகிவிடுகிறது என்பதையே சொல்ல வருகிறோம்.

எங்கே தொடங்குவது? குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி. நம்மவர்கள் செய்வதோ நேர்மாறு. புதுச் செருப்பு வாங்கி, முதல் நாளே ஐந்து மைல் நடந்து, மூன்றாம் நாள் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள்! பத்து நிமிடம் போதும். மறுநாளும் அதே பத்து நிமிடம் நடக்க வேண்டும், அவ்வளவே. ஒரு மாதம் நிலைத்தபின் கூட்டிக்கொள்ளலாம். நெஞ்சு வலியோ வேறு நோயோ உள்ளவர்கள் மட்டும் முன்னதாக டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பனூ ஸலிமா கூட்டத்தார் மதீனாவில் பள்ளிவாசலுக்குத் தொலைவில் குடியிருந்தார்கள். பள்ளிக்கு அருகே இடம் காலியானபோது அங்கே குடிவர விரும்பினார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்களோ, அவர்களின் காலடிகள் பதிவு செய்யப்படுகின்றன என்று கூறி, இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னார்கள். இன்று நான்கு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கு ஸ்கூட்டரில் போகிறோம். சுபுஹுக்கும் இஷாவுக்குமாவது நடந்து போய்த் திரும்பலாமே.

பெண்களுக்கு வீட்டு வேலையே போதும் என்று சொல்லி அவர்களை அடைத்து வைப்பதும் சரியல்ல. பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். முதலில் அன்னையார் முந்தினார்கள், பின்னொரு சமயம் அண்ணலார் முந்தினார்கள். அப்படியிருக்க, அஸருக்குப்பின் மொட்டை மாடியிலோ தெருவிலோ உம்மாவும் மகளும் அரைமணி நேரம் நடப்பதில் என்ன குறை வந்துவிடும்?

அடுப்படி விஷயம் இதைவிடக் கடினமானது. எண்ணெயைக் குறை என்று டாக்டர் சொன்னதை வாப்பா வந்து உத்தரவாகச் சொல்லிவிடுகிறார். உம்மா அவருக்கு ஒரு சாளணம், பிள்ளைகளுக்கு வேறு சாளணம் என்று இருமுறை சமைக்கிறார். கடைசியில் மிஞ்சியதைத் தாம் உண்கிறார். ஒருவரின் உடல் ஹக்கை இன்னொருவரின் உடல் தேய்ந்து நிறைவேற்றுவது எந்த நியாயம்? நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அஸ்வத் (ரஹ்) அவர்கள் கேட்டபோது, குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்வார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்றே அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடை கூறினார்கள். ஆண்கள் அடுப்படிக்குள் நுழைவது கௌரவக் குறைச்சல் என்பது மார்க்கம் சொன்னதல்ல, நாம் கட்டிக்கொண்டது. துபாய்க்கும் சவூதிக்கும் போன நம் பிள்ளைகள் அறைகளில் முறை வைத்துச் சமைத்துத்தானே உண்கிறார்கள்!

புதிதாகக் கற்பவருக்கு நோன்புக் கஞ்சியே நல்ல முதல் பாடம். ரமலானில் மட்டும்தான் காய்ச்ச வேண்டும் என்பதில்லை. நொய்யரிசி ஓர் ஆழாக்கு, பாசிப்பருப்பு கால் ஆழாக்கு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி, பூண்டு, இஞ்சி. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வெங்காயமும் தக்காளியும் வதக்கி, மஞ்சள் தூள், உப்பு சேர்த்து, எட்டு ஆழாக்குத் தண்ணீரில் நன்றாகக் குழைய வேகவிட வேண்டும். அடிபிடிக்காமல் கிண்டுவது ஒன்றே வித்தை. கேரட், பீன்ஸ் நறுக்கிப் போடலாம். இறக்கும்போது மல்லி, புதினா, சிறிது தேங்காய்ப்பால். கஞ்சியால் கெடுதி இல்லை. அதனுடன் தட்டு நிறைய வரும் வடையும் சமூசாவும்தான் கணக்கைக் குலைக்கின்றன.

இனி விருந்து. இன்னும் ஒரு கரண்டி வையுங்கள் என்று வற்புறுத்துவதை நாம் உபசாரம் என்கிறோம். சர்க்கரை நோயாளி வேண்டாம் என்று கையை மறித்தாலும் விடுவதில்லை. விருந்தாளிக்கும் ஹக்கு உண்டு. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதில் அடக்கம். வயிற்றை நிரப்பித்தான் ஆகவேண்டுமானால் மூன்றில் ஒன்று உணவுக்கு, ஒன்று தண்ணீருக்கு, ஒன்று மூச்சுக்கு என்று அண்ணலார் வகுத்துத் தந்தார்கள். ஒரே சஹனில் பலர் அமர்ந்து உண்ணும் ஊர்களில் யார் எவ்வளவு உண்டார் என்பது தெரியாது. அங்கே சஹனை மலையாகக் குவிக்காமல் பாதியளவு வைத்துவிட்டு, கேட்டால் மறுபடி பரிமாறலாம். வெள்ளரியும் வெங்காயமும் அரிந்த தட்டு முதலில் வரட்டும். பீர்னியைச் சிறு கிண்ணத்தில், விரும்பியவர்க்கு மட்டும் கொடுக்கலாம்.